கட்டியவர் பெயர்

கிரீன்வெல்ஸ் குளோரி என்பது ஒரு தூண்டிலின் பெயர். சிறிய முள் ஒன்றில் மஞ்சள் பட்டிழையைச் சுற்றுவார்கள். அந்த இழைக்குச் செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மெழுகை முன்கூட்டியே பூசியிருப்பார்கள். மேலே மெல்லிய பொன்கம்பியை இடைவெளிவிட்டு ஓட்டி, கழுத்தில் சேவல் இறகு ஒன்றைச் சுற்றி, கருங்குருவிச் சிறகின் இரண்டு கீற்றுகளை இறக்கைகளாக நிறுத்திக் கட்டி முடித்தால் தூண்டில் தயார். ஆற்றில் மிதந்து வரும் பூச்சி என்று நம்பி டிரவுட் மீன் அதைக் கவ்வும். இறகையும் முள்ளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தத் தூண்டிலுக்கு வேண்டிய பட்டும் பொன்கம்பியும் ஆரணியில் தறி ஓடும் எந்த வீட்டிலும் கிடைக்கும்.

ஆரணிக்கும் இந்த வகை மீன்பிடிப்புக்கும் வேறு உறவு கிடையாது. ஜவ்வாது மலையில் பிறந்து ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். மழைக்குப் பின் ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் மண்புழுவையோ, விராலுக்கென்றால் தவளையையோ இரையாகக் கோப்பார்கள். பட்டிழையில் பூச்சி செய்து மீனை ஏமாற்றலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும், டேவ் விட்லாக் என்ற அமெரிக்கரைப் பற்றி எழுத இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுதினார், வரைந்தார், தூண்டில் கட்டினார். மூன்றையும் ஒரே ஆள் செய்வதால் ஒரு கைத்தொழிலுக்கு என்ன நேர்கிறது என்பதை, அந்த மூன்றும் மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கிற ஊரிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடலாம். நாம் அறிந்த தூண்டிலில் எறியப்படுவது ஈயக்குண்டின் கனம். கயிறு அதன் பின்னால் போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சிக்கு, அதாவது ஃபிளைக்கு, எடையே கிடையாது. கனம் கயிற்றில் இருக்கிறது. பிரம்பை முன்னும் பின்னும் வீசி அந்தக் கயிற்றைக் காற்றில் விரித்து, பூச்சியை நீர்மேல் மெல்ல இறக்குவார்கள். அந்தக் கயிறு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பட்டில் பின்னப்பட்டு, ஆளிவிதை எண்ணெய் ஊட்டப்பட்டதாக இருந்தது. கயிற்றின் நுனிக்கும் ஃபிளைக்கும் இடையே மீன் கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று வேண்டும். அதுவும் பட்டுப்புழுவிலிருந்தே வந்தது. ஸ்பெயினின் முர்சியா பகுதியில், கூடு கட்டத் தயாரான புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் வயிற்றிலுள்ள பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்துக் கையால் இழுத்து நீட்டி உலர்த்துவார்கள். கிடைப்பது ஒரு முழம் தேறினால் பெரிது. அப்படிப்பட்ட துண்டுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கினார்கள். நம் கரையோரத்தில் தங்கூஸ் என்று சொல்லும் நைலான் இழை 1930-களின் கடைசியில் வந்து இந்தத் தொழிலை முடித்துவைத்தது. அந்நாளில் ஃபிளையைக் கட்டிய நூலும் பட்டுதான். ஆக, பிரம்பிலிருந்து முள் வரைக்கும் எல்லாம் அப்போது பட்டுப்புழுவின் உபயம்.

யார்க்‌ஷையர் பக்கத்து ஃபிளைகளில் இன்னும் சிக்கனம். 1885-இல் டி. இ. பிரிட் தொகுத்த ‘யார்க்‌ஷையர் டிரவுட் ஃபிளைஸ்’ நூலில் இடம்பெற்று இன்றுவரை கட்டப்படும் ஒரு வகைக்கு, ஆரஞ்சுப் பட்டிழையும் கௌதாரி இறகு ஒன்றும் மட்டுமே தேவை. இழையைச் சுற்றினால் அதுவே உடல். ஆனால் காய்ந்த இழையின் நிறத்தை வைத்து அந்த ஃபிளையை மதிப்பிடக் கூடாது. மெழுகு ஏறி நீரில் நனைந்ததும் ஆரஞ்சு பழுப்பாக இருண்டு, அடியிலிருக்கும் முள்ளின் கருமை லேசாகத் தெரியும். மீன் பார்ப்பது அந்த இரண்டாவது நிறத்தை. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் கொடுத்து, மடிப்பில் வேறொரு நிறம் எழும்படி நெய்கிற ஆரணிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டேவ் விட்லாக் 1934-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி ஊரில் பிறந்தார். வேதியியல் ஆய்வாளராக வேலை பார்த்து, பிறகு அதை விட்டுவிட்டு முழுநேரமும் மீன்பிடிப்பைப் பற்றி எழுதுவதற்கும் வரைவதற்கும் கற்பிப்பதற்கும் வந்தவர். 2022 நவம்பர் 24-ஆம் நாள், 88 வயதில் இறந்தார். 1982-இல் வந்த அவருடைய நூல் டிரவுட் மீன் தின்னும் நீர்வாழ் உயிர்களைப் பற்றியது. ஆற்றங்கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிக்குஞ்சு, நன்னீர் இறால், சிறுமீன், அட்டை என்று ஒவ்வோர் உயிரும் எப்படி இருக்கும், எப்படி நகரும், எந்த ஆழத்தில் திரியும் என்பதை அவரே எழுதி, அவரே வரைந்து, அதைப் போல முள்ளில் கட்டும் முறையையும் சொன்னார். 1984-இல் எல். எல். பீன் நிறுவனத்துக்காக எழுதிய கையேட்டுக்கும் படங்கள் அவருடையவை. ஆங்கிலத்தில் இந்த விளையாட்டைப் பற்றிய நூல்களுக்குக் கணக்கில்லை. ஒருவர் எழுத, இன்னொருவர் வரைய, மூன்றாமவர் கட்டிய ஃபிளைகளைப் புகைப்படம் எடுத்துச் சேர்த்தவைதான் அவற்றில் பெரும்பாலானவை. விட்லாக் நூல்களில் அந்த இடைவெளி இல்லை. கட்டும்போது விரல் எங்கே தடுமாறும் என்பது வரைந்த கைக்குத் தெரியும். அதனால் படத்தில் அந்த இடம் பெரிதாக இருக்கும்.

அவர் பெயரைத் தாங்கிய ஃபிளைகளில் புகழ்பெற்றது டேவ்ஸ் ஹாப்பர். வெட்டுக்கிளியின் சாயல். தலைப்பகுதி மானின் முடி. மான்முடி உள்ளே காற்றறைகள் கொண்டது. ஒரு சிறு கற்றையை முள்ளின்மேல் வைத்து இழையால் தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றி, பின் இறுக்கி இழுத்தால், முடி நாலா பக்கமும் சிலிர்த்து நிற்கும். அதைக் கத்தரியால் செதுக்கினால் தலை. காற்று உள்ளே இருப்பதால் மிதக்கும். இந்த உத்தியை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1930-களில் கனடாவின் நிப்பிகான் ஆற்றுப் பக்கம் டான் கேபன் கட்டிய மட்லர் மின்னோ என்ற ஃபிளையில் அது இருந்தது. ஜோஸ் ஹாப்பர் என்ற பழைய வெட்டுக்கிளியின் உடலையும் மட்லரின் தலையையும் ஒன்று சேர்த்து, மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்து, விட்லாக் புதியதை உண்டாக்கினார். இப்படிச் சேர்ப்பதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. கைத்தொழிலில் புதுமை பெரும்பாலும் இப்படித்தான் வரும். எதிலிருந்து எதை எடுத்தார் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முந்தியவர்களின் ஃபிளைகளுக்கும் பெயர் இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

இந்தப் பெயர் விஷயம்தான் ஆரணியிலிருந்து பார்க்கும்போது உறுத்துகிறது. அதற்கு முன் பொருள்களை இன்னும் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும்.

சால்மன் மீனுக்காக விக்டோரியா காலத்தில் கட்டப்பட்ட ஃபிளைகள் டிரவுட் ஃபிளைகளைப் போல அடக்கமானவை அல்ல. ஜாக் ஸ்காட் என்ற ஃபிளையைப் பாருங்கள். உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு, இரண்டின் மீதும் வெள்ளி ஜரிகை வரி. நடுவில் டூகான் பறவையின் மஞ்சள் இறகு. இறக்கையில் வான்கோழி, கானமயில், மயில், பொன்னிறச் சீனக்கோழி. பக்கவாட்டில் காட்டுக்கோழிக் கழுத்தின் இறகு. கன்னத்தில் தென்னமெரிக்கப் பறவை ஒன்றின் நீலம். பேரரசின் கப்பல்கள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் இருந்து ஒவ்வோர் இறகு. ஜார்ஜ் கெல்சன் 1895-இல் ‘தி சால்மன் ஃபிளை’ என்ற தடித்த நூலில் இவற்றுக்கு இலக்கணமே வகுத்தார். இவ்வளவு அலங்காரமும் சால்மனுக்குத் தேவையா என்றால், இல்லை. முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன் உணவே உண்பதில்லை. அலங்காரம் கரையிலிருக்கும் மனிதருக்கானது.

அந்த வெள்ளி வரியின் அமைப்பு ஆரணிக்குப் பழக்கமானது. ஃபிளைக்குப் பயன்படும் ஜரிகையில் ஒரு வகை, பட்டிழையை நடுவில் வைத்து அதன்மேல் தட்டையாக்கிய உலோகக் கம்பியைச் சுற்றியது. பிரான்சின் லியோன் நகரம் அதற்குப் பேர்போனது. நம் புடவை ஜரிகையும் அதேதான்: செந்நிறம் ஏற்றிய பட்டிழை, அதன்மேல் தட்டிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன்முலாம். சூரத்து ஜரிகை நிலைபெறுவதற்கு முன் பிரெஞ்சு ஜரிகையும் இந்தியத் தறிகளுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரே விதமான ஜரிகை ஒருபுறம் புடவையின் பேட்டுக்கும், மறுபுறம் ஸ்காட்லாந்து ஆற்றில் மூழ்கும் முள்ளுக்கும் போயிருக்கிறது.

முறுக்கேற்றாத பட்டைக் கையாளும் சிரமமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. விரல் நுனி சொரசொரப்பாக இருந்தால் இழை அதில் சிக்கிப் பிசிறு எழும்பும். சால்மன் ஃபிளை கட்டுபவர்கள் அதற்காகவே கையைப் பதமாக வைத்துக்கொள்வார்கள். சிலர் மென்மையான கையுறை அணிவார்கள். ஆரணியில் தார் சுற்றுகிற பெண்களின் விரல்களும், பாவு பிணைக்கிறவர்களின் விரல்களும் இதை அறியும். பழைய பாவின் முடிவில் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் அந்த வேலையில், இழுப்பு ஒரு நூலளவு கூடினால் இழை அறும். குறைந்தால் அச்சில் ஏறும்போது பிரியும். ஃபிளை கட்டக் கற்றுக்கொள்பவர் முதலில் பழகுவதும் இந்த எல்லையைத்தான்: அறுவதற்கு முந்திய இறுக்கம். எந்தப் புத்தகமும் அதை அளவாகச் சொல்ல முடியாது. விட்லாக்கும் படத்தில் விரலின் இடத்தைத்தான் காட்ட முடிந்தது.

காட்டுக்கோழிக்கு வருகிறேன். தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே எங்குமில்லாத பறவை இது. ஆரணியிலிருந்து மேற்கே தெரியும் ஜவ்வாது மலைக் காடுகளிலும் உண்டு. புதுச்சேரிக்கு வந்து போன பிரெஞ்சுக்காரர் சோனராவின் பெயரால் அறிவியல் அதை அழைக்கிறது. சேவலின் கழுத்து இறகுகளின் நுனியில் மெழுகில் வார்த்ததுபோன்ற வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் இருக்கும். நீரில் போட்டால் அந்தப் புள்ளி சிறுமீனின் கண்போல மின்னும். கண்ணைப் பார்த்துத் தாக்கும் மீனுக்கு அதைவிட நல்ல ஏமாற்று கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காக நம் காட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல்கள் ஐரோப்பாவுக்குப் போயின. பறவை இறகு ஏற்றுமதியை 1902-இல் இந்திய அரசு தடுத்தது; 1921-இல் பிரிட்டன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது; 1972-இல் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் இன்று கிடைப்பது அங்கே வளர்ப்புப் பண்ணைகளில் பிறந்த சேவல்களின் இறகு. இறகு ஆசை அதனால் அடங்கிவிடவில்லை. 2009 ஜூன் மாதம் எட்வின் ரிஸ்ட் என்ற இளம் புல்லாங்குழல் கலைஞர் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் அடக்கம். சால்மன் ஃபிளை கட்டுவதற்காகத்தான் இவ்வளவும். அந்த ஃபிளைகளைக் கட்டுகிறவர்களில் பலர் மீனே பிடிப்பதில்லை என்பது இந்தக் கதையின் விசித்திரம்.

விட்லாக் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. மான்முடி, வான்கோழி இறகு, கம்பளி நூல், பின்னாளில் செயற்கை இழைகள் என்று மலிவாகக் கிடைப்பதை வைத்துக் கட்டினார். அவருடைய ஃபிளைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகவில்லை, நனைந்தன, கிழிந்தன.

இனிப் பெயர்கள். கிரீன்வெல்ஸ் குளோரி கட்டப்பட்டது 1854-இல், ட்வீட் ஆற்றங்கரையில். வில்லியம் கிரீன்வெல் டர்ஹாம் தேவாலயத்துப் பாதிரியார், தொல்லியலாளரும்கூட. ஆற்றில் மிதந்த ஒரு பூச்சியைப் பார்த்து, அதைப்போல் ஒன்று கட்டித் தரும்படி ஸ்பிரௌஸ்டன் ஊரின் ஜேம்ஸ் ரைட்டிடம் கேட்டார். ரைட் கட்டினார். பாதிரியார் நிறைய மீன் பிடித்தார். பெயர் பாதிரியாருக்குப் போயிற்று. இழையைத் தேர்ந்தெடுத்ததும் மெழுகு பூசியதும் கம்பி ஓட்டியதும் ரைட்டின் கை. வாங்கியவரின் பெயர் நின்றது.

ஜாக் ஸ்காட் கதை வேறு மாதிரி. அதே ட்வீட் பக்கம், 1850-ஐ ஒட்டி, ஜான் ஸ்காட் பிரபுவிடம் வேலை பார்த்த மீன்பிடிப் பணியாளர் உண்டாக்கிய ஃபிளை அது. பணியாளரின் பெயரே ஃபிளைக்கு வந்தது. அந்தப் பெயரை வைத்தவர் ஸ்பிரௌஸ்டனின் அதே ஜேம்ஸ் ரைட் என்பது வழிவழியாக வரும் செய்தி. தன் கைவேலைக்குப் பெயர் பெறாத ஒருவர் இன்னொரு தொழிலாளியின் பெயரை நிலைநிறுத்தினார் என்றால், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான்.

மூன்றாவது கதையில்தான் எழுத்து நுழைகிறது. 1857-இல் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் ‘தி பிராக்டிகல் ஆங்லர்’ என்ற சிறிய, கறாரான நூலை எழுதினார். பழுப்புப் பட்டிழையில் மைனா இனத்துப் பறவை ஒன்றின் சிறு இறகைச் சுற்றிக் கட்டும் கறுப்புச் சிலந்தி ஃபிளையை அதில் பரிந்துரைத்தார். அதைத் தனக்கு முதலில் காட்டியவர் ஜேம்ஸ் பெய்லி என்றும் மறைக்காமல் எழுதினார். பெய்லி மீன் பிடித்துப் பிழைத்தவர், எழுதியவர் அல்ல. இன்று அந்த ஃபிளையை உலகம் ஸ்டூவர்ட்டின் கறுப்புச் சிலந்தி என்கிறது. ஸ்டூவர்ட் திருடவில்லை. நன்றி சொன்ன பிறகும் பெயர் எழுதியவரிடமே வந்து ஒட்டிக்கொண்டது. அச்சுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இந்த விதிக்கு ஒரு விலக்கைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. மேகன் பாய்ட் என்ற பெண்மணி ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், ப்ரோரா ஊருக்கு அருகே ஒரு குடிசையில் தனியாக வாழ்ந்து, பல பத்தாண்டுகள் ஃபிளை கட்டினார். 1915-இல் பிறந்து 2001-இல் இறந்த அவர், கட்டிய ஃபிளை எதைக் கொண்டும் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. மீனைக் கொல்ல மனமில்லை. அன்று இளவரசராக இருந்த சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். 1971-இல் அவருக்கு அரசு விருது அறிவிக்கப்பட்டபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அரண்மனை விழாவுக்குப் போகவில்லை. எதுவும் எழுதாமலே அவர் பெயர் நின்றது. 2013-இல் அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. வாங்கியவர்கள் யார் என்பது அதற்குப் பெரிய காரணம். தறியில் உட்கார்ந்தவரை எந்த இளவரசரும் பெயர் சொல்லித் தேடி வரப்போவதில்லை.

நம் பக்கத்தில் இந்த வரிசையில் முதலில் வருபவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட மாவட்டக் கலெக்டர். 1873-இல் மங்களூரில் அச்சான அவருடைய ‘தி ராட் இன் இந்தியா’, இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி முதன்முதலில் முழுமையாகப் பேசிய நூல் என்று சொல்லலாம். 1881-இலும் 1897-இலும் விரிந்த பதிப்புகள் லண்டனில் வந்தன. 1887-இல் நம் ஏரி குளங்களுக்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று தனி நூல். எடைக்கு எடை சால்மனைவிட மஷீர் கடுமையாகப் போராடும் என்று தாய்நாட்டு வாசகரின் முகத்துக்கு நேரே அறிவித்தவர் அவர். தமிழில் பூமீன் கெண்டை என்று வழங்கும் இந்த மீனுக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. நத்தை ஓட்டை நொறுக்கும் அந்த வலிமை, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த முள்ளையும் நொறுக்கியது.

தாமஸை நான் மதிப்பது மஷீருக்காக மட்டுமல்ல. ஃபிளை, பிரம்பு என்று விளையாட்டுப் பேச்சில் தொடங்கும் நூல், மீன் வளர்ப்பிலும் மீனின் மதிப்பிலும் போய் முடியும். அதற்கு முன்பே 1870-இல் தென் கன்னடத்து மீன்வளம் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியவர். ஓடையில் நஞ்சு கலப்பது, கண் சிறுத்த வலை, வயல் மடைகளில் வைக்கும் கூடுகளில் குஞ்சுகள் சிக்கி அழிவது ஆகியவற்றை அவர் ஒரு நிர்வாகியின் கவலையோடு பார்த்தார். சென்னைப் படையின் மருத்துவராக வந்து மீனியலாளரான பிரான்சிஸ் டேயும் இதே காலத்தில் இதே முறையீட்டை வைத்தார். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. தென் கன்னடத்து ஆற்றுக் கெண்டை ஒன்றுக்கு டே 1874-இல் தாமஸின் பெயரை வைத்தார். எழுதியவர் பெயர் மீனுக்கே போய்விட்டது.

ஆனால் அந்த நூலுக்குப் பின்னால் நின்ற கைகள்? எந்த மடுவில் எந்த மாதம் எந்த மீன் நிற்கும், விராலுக்கு எந்தத் தவளை, கெண்டை எந்த மரத்தின் கீழ் பழம் தின்ன வரும் என்பதெல்லாம் ஆற்றோரத்து மீனவர்கள் தலைமுறையாக அறிந்தவை. கலெக்டருக்கு அது அவர்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். நம் நினைவில் இருப்பது கலெக்டர் பெயர். பெய்லிக்குக் கிடைத்த ஒரு வரிகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை.

ஃபிளையில் விழக்கூடிய மீனை நீலகிரிக்கே கொண்டுவரும் முயற்சி 1860-களிலேயே தொடங்கியது. டே முயன்றார், நிலைக்கவில்லை. கடல் வழியாக, வெப்பத்தில், முட்டைகள் பிழைத்து வருவதே பெரும்பாடு. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் முயற்சியில்தான் ரெயின்போ டிரவுட் அங்கே நிலைபெற்றது. அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் எழுந்தது. மூணாறிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் இதேபோல் தோட்டத்துரைகளின் ஓடைகளில் டிரவுட் ஏறியது. அந்நிய மீனை விட்டதில் உள்ளூர் மீனுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

விட்லாக்கின் பெயர் தாங்கிய இன்னொரு பொருள் இங்கே நினைவுக்கு வருகிறது. ரிச்சர்ட் வைபர்ட் என்ற பிரெஞ்சுக்காரர், கருவுற்ற மீன் முட்டைகளை வைத்து ஆற்றின் கூழாங்கல் படுகையில் புதைக்க ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியை உருவாக்கியிருந்தார். விட்லாக் அதை மேம்படுத்தினார். முட்டை பொரிந்ததும் குஞ்சு சில நாள் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வளர்ந்து, நீந்தும் வலு வந்த பின் இடுக்கு வழியாகத் தானே வெளியேறும்படி அமைத்தார். விட்லாக்-வைபர்ட் பெட்டி என்று இரண்டு பெயரும் சேர்த்தே அது வழங்குகிறது. தாமஸும் டேயும் சட்டம் கேட்டார்கள்; விட்லாக் பெட்டி செய்தார். மீன் பிடிப்பவரே மீன் குஞ்சுக்காகக் கவலைப்படுவதை நாம் நம்பத் தயங்கலாம். காவிரியின் கதை கொஞ்சம் நம்பவைக்கிறது. 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மஷீரைப் பிடித்தது மைசூரின் வான் இன்ஜென் குடும்பத்தில் ஒருவர். அந்தப் பெருமீனுக்கு ஒழுங்கான அறிவியல் பெயரே வெகுகாலம் இல்லை. பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட, சென்னையின் மீனியலாளர் ரமாதேவியின் பெயர் தாங்கிய இனம்தான் அது என்று 2018-இல் நிறுவினார்கள். அதே ஆண்டு, அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாகவும் அது அறிவிக்கப்பட்டது. அதன் அளவையும் இடத்தையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குறித்துவைத்தவர்கள் பெரும்பாலும் தூண்டில்காரர்கள்தான்.

எழுத்தும் ஓவியமும் ஒரே கையில் கூடியவர் தமிழில் இல்லாமல் இல்லை. மா. கிருஷ்ணன் 1912-இல் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகப் பிறந்தார். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றிய பத்தி எழுதினார். படமும் அவரே போட்டார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தார். ஓணானைப் பற்றி எழுதினாலும் யானையைப் பற்றி எழுதினாலும் பார்த்ததை மட்டும் எழுதும் கண் அது. ஆனால் கிருஷ்ணன் பார்த்ததைச் செய்யவில்லை. பார்த்தார், வரைந்தார், எழுதினார். விட்லாக் பார்த்ததைப் பட்டிலும் முடியிலும் திரும்பச் செய்தவர். இந்த மூன்றாவது படியில் நம் எழுத்து இன்னும் கால் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆரணியில் மூன்றாவது படிக்குப் பஞ்சமில்லை. தறியில் இருப்பவரைத் தவிர, கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் புட்டா போடுகிறவர் ஒருவர் உண்டு. இப்போது அது கணினிக்குப் போய்விட்டது. மயிலோ அன்னமோ மாம்பிஞ்சோ, வளைகோட்டைச் சதுரங்களாக உடைத்து, எந்த இழை எழ வேண்டும் எந்த இழை தாழ வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். அவர் போட்டதை அட்டையில் துளையிடுபவர் வேறு. அந்த அட்டைகள் ஜக்கார்டு பெட்டியில் ஏறிய பின் நெய்பவர் வேறு. விற்பவர் வேறு. புடவையில் கடைசியாக ஒட்டுவது கடையின் பெயர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பெயர் கிடைத்தது நியாயம்தான். போலிகளிடமிருந்து அது காக்கவும் கூடும். இருந்தும், ஒரு புட்டாவை முதலில் வரைந்தவர் யார் என்று அடுத்த தலைமுறை கேட்டால் அந்தக் குறியீடு பதில் சொல்லாது. டேவ்ஸ் ஹாப்பரின் தலை எங்கிருந்து வந்தது என்பதை ஓக்லஹோமாவில் ஒரு சிறுவன் தெரிந்துகொள்ள முடியும். ஆரணி முந்தானையின் அன்னம் எங்கிருந்து வந்தது என்பதை ஆரணிச் சிறுமி தெரிந்துகொள்ள வழியில்லை.

இதைச் சொல்லும்போது மேற்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருளாகிவிடக் கூடாது. இன்று உலகக் கடைகளில் விற்கும் ஃபிளைகளில் பெரும்பகுதி இலங்கை, தாய்லாந்து, கென்யா போன்ற நாடுகளின் பட்டறைகளில் கட்டப்படுகிறது. வடிவமைத்தவரின் பெயர் அட்டையில் இருக்கும். விற்கும் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ராயல்டி தரும் நிறுவனங்களும் உண்டு. கட்டிய பெண்ணின் பெயர் எங்கும் இருக்காது. ஜேம்ஸ் ரைட்டின் இடத்துக்கு அவர் வந்திருக்கிறார். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் பாதி ஆரணிக்கு வந்தாலே பெரிது என்பேன். கிராப்பில் புட்டா போட்டவருக்கு, அந்தப் புட்டா ஓடும் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு சிறு தொகையும், புடவையின் மடிப்பில் ஒரு சீட்டில் அவர் பெயரும் நெய்தவர் பெயரும். கூட்டுறவுச் சங்கம் ஒன்று நினைத்தால் முடியாத காரியமில்லை. கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே கூலிக்கு நேராக இருக்கின்றன.

நூல் ஒன்று வர வேண்டுமானால் அது கடினம். ஐப்பசி ஈரத்தில் பாவு கனக்கும்போது கஞ்சியில் என்ன மாற்றுவது. அச்சு அடிக்கும் ஓசையில் இழை அறுந்ததை எப்படிக் கேட்பது. கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் இரண்டு நாடாக்களும் எப்படிக் கைமாறுகின்றன. உருவம் முந்தானையில் நீண்டு போகாமல் இருக்க ஊடையை எவ்வளவு இறுக்குவது. படத்தோடுதான் இவற்றைச் சொல்ல முடியும். அந்தப் படத்தையும் நெய்தவரே போட்டால்தான் விரல் சரியான இடத்தில் இருக்கும். அதைச் செய்யக்கூடிய வயதில் இருப்பவர்களில் பலர் காலை வண்டி பிடித்து செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே மாதச் சம்பளம் உண்டு, வைப்புநிதி உண்டு. தறியில் மிஞ்சியவர்களுக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது. விட்லாக் கையேடு எழுதியது தன் 50-ஆம் வயதில்.